16 செல், ஒரு பிஎம்எஸ், ஒரு இன்வெர்ட்டர்: எதை எப்படி இணைப்பது, எந்த எண்ணை எங்கே போடுவது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 280 ஆம்பியர்-அவர் லித்தியம் அயன் பாஸ்பேட் செல்கள் 16, இரண்டு ஆம்பியர் ஆக்டிவ் பேலன்ஸர் (சார்ஜ் கூடிய செல்லிலிருந்து எடுத்துக் குறைந்த செல்லுக்குக் கொடுப்பது) உள்ள 200 ஆம்பியர் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, எல்லை மீறினால் இணைப்பை வெட்டும் போர்டு) ஒன்று, 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் (சோலார் பேனல், பேட்டரி, வீட்டுக்கு வரும் லைன் மூன்றையும் சேர்த்துக் கையாள்வது) ஒன்று. பிஎம்எஸ்ஸை எப்படி இணைப்பது, அதன் மொபைல் ஆப்பில் கேட்கும் எண்களுக்கெல்லாம் என்ன போடுவது, சார்ஜிங் வோல்டேஜை 58.4 என்று வைக்கச் சொல்கிறார்களே, வைக்கலாமா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற எண்கள் எல்லாம் அதை ஒட்டித்தான் வருகின்றன. 58.4 வைக்க வேண்டாம். 3.65-ஐ 16-ஆல் பெருக்கினால் 58.4. ஆனால் 3.65 வோல்ட் என்பது ஒரு செல்லுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் மேல் எல்லை. தினமும் போய்த் தொட்டுவிட்டு வர வேண்டிய இடம் அல்ல. பதினாறும் ஒரே சீராக ஏறினால்தான் 58.4-இல் ஒவ்வொன்றும் 3.65-இல் நிற்கும். நடப்பில் ஒன்று முந்தும், இன்னொன்று பிந்தும். மொத்தம் 57 வோல்ட்டைத் தொடும்போதே முந்திய செல் எல்லையைத் தாண்டியிருக்கும். பிஎம்எஸ் சார்ஜிங்கை வெட்டிவிடும். உச்சி வெயிலில் பேனலிலிருந்து 80 ஆம்பியர் வந்துகொண்டிருக்கும்போது பேட்டரி சட்டென்று காணாமல் போனால், இன்வெர்ட்டருக்குள் பேனல் மின்சாரத்தைக் கையாளும் எம்பிபிடி என்ற பகுதியால் அந்தக் கரண்டைக் கண நேரத்தில் நிறுத்த முடியாது. போக்கிடம் இல்லாமல் டிசி பக்க வோல்டேஜ் மேலே துள்ளும். நல்ல இன்வெர்ட்டர் ஒரு எரரைக் காட்டிவிட்டு நிற்கும். சுமாரானது போர்டோடு போகவும் வாய்ப்பு உண்டு.

ஆகவே பிஎம்எஸ்ஸைக் கடைசிக் காவலாக மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். தினசரி சார்ஜையும் டிஸ்சார்ஜையும் அளவோடு நிறுத்த வேண்டியது இன்வெர்ட்டர். ஒழுங்காக அமைத்த சிஸ்டத்தில் பிஎம்எஸ் மாதக்கணக்கில் ஒரு தடவைகூட வெட்டாது. வாரத்துக்கு இரண்டு முறை வெட்டுகிறது என்றால், நன்றாகப் பாதுகாக்கிறது என்று மகிழ வேண்டாம். எங்கோ ஒரு எண்ணோ ஒரு நட்டோ பிசகியிருக்கிறது.

இந்த வகை செல்லின் குணத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆப்பில் தெரியும் வோல்டேஜ் உங்களை ஏமாற்றும். சார்ஜ் ஏற ஏற இதன் பாசிட்டிவ் முனைப் பொருள் லித்தியம் உள்ள ஒரு நிலையிலிருந்து லித்தியம் இல்லாத இன்னொரு நிலைக்கு மாறுகிறது. இரண்டு நிலைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வரை வோல்டேஜ் கிட்டத்தட்ட அசையாது. அதனால்தான் 20 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை 3.2-க்கும் 3.35-க்கும் நடுவிலேயே நிற்கிறது. நடுவில் இரண்டு செல்கள் ஒரே வோல்டேஜைக் காட்டினாலும் ஒன்றில் 40 சதவீதமும் மற்றதில் 55 சதவீதமும் இருக்கலாம். 3.4-ஐத் தாண்டிய பிறகுதான் உண்மை வெளியே வரும். அதற்கு மேல் செங்குத்தாக ஏறும். பேலன்ஸர் எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதும் இதிலிருந்தே முடிவாகிறது.

சரி, சாமான்களுக்கு வருவோம்.

200 ஆம்பியர் பிஎம்எஸ் உங்களுக்குப் போதும். கணக்கு எளிது: 5000 வாட், பேட்டரி இறங்கி 48 வோல்ட்டில் இருக்கும்போது, இன்வெர்ட்டரின் திறன் 93 சதவீதம் என்று வைத்தால் சுமார் 112 ஆம்பியர். 120 ஆம்பியர் பிஎம்எஸ்ஸும் தாங்குமே என்று தோன்றும். ஆனால் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து இழுக்கும் கரண்ட் நேர்கோடாக இருக்காது. 50 ஹெர்ட்ஸ் ஏசிக்கு 100 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஏறி இறங்கும். மீட்டர் காட்டும் சராசரியைவிட உச்சம் நன்றாகவே கூடுதல். மூடிய பெட்டிக்குள், பிஎம்எஸ்ஸின் மின்னணு ஸ்விட்சான மாஸ்ஃபெட் சூடேறும் விஷயம் வேறு. அட்டையில் போட்டிருக்கும் ஆம்பியரில் 60, 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் இருப்பது நல்லது. அந்தக் கணக்கில் 200 பொருந்துகிறது.

பிஎம்எஸ் இருக்கிறதே, ஃபியூஸ் எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் நிற்கும், அதாவது மூட முடியாத கதவாகிவிடும். பிறகு வெட்டுவதற்கு ஆளே இல்லை. இந்த அளவு செல்லின் உள் மின்தடை கால் மில்லிஓம்முக்குள்தான் இருக்கும். பதினாறு செல், அவற்றை இணைக்கும் பட்டையான பஸ்பார், கேபிள் எல்லாவற்றையும் சேர்த்து 5 மில்லிஓம் என்று வைத்தாலும், நேரடியாக ஷார்ட் ஆனால் பாயும் கரண்ட் 10,000 ஆம்பியரைத் தொடும். காருக்குப் போடும் தட்டை ஃபியூஸ் அதை வெட்டாது. உருகிய இடத்தில் ஆர்க் எரிந்துகொண்டே இருக்கும். 'கிளாஸ் டீ' எனப்படும் ஃபியூஸ் 20,000 ஆம்பியர் வரை வெட்டக்கூடியது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் அதைப் போடுங்கள்: 200 ஆம்பியர் ஃபியூஸ், 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள். தனியாக டிசி பிரேக்கர் வைத்தால் அது டிசிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ஏசி பிரேக்கரை அங்கே மாட்டுவது தீக்குக் கதவு திறந்துவிடுவது போல. ஏசியில் கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் ஆர்க் தானாக அணையும். டிசியில் அப்படி எதுவும் கிடையாது.

செல்களை அடுக்கும்போது ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் இன்சுலேஷன் தகடு வையுங்கள். அலுமினிய உறை வெறும் டப்பா அல்ல, பாசிட்டிவ் முனையை ஒட்டி அதிலும் வோல்டேஜ் இருக்கும்; மேலே சுற்றியிருக்கும் மெல்லிய நீலப் பிளாஸ்டிக் மட்டும்தான் தடுப்பு. அது உரசிக் கிழிந்தால் பக்கத்துச் செல்லோடு ஷார்ட். ஸ்பேனர் கைப்பிடியில் டேப் சுற்றுங்கள், மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி வையுங்கள். முனையின் மேல்பரப்பை மெல்லிய ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, உடனே பஸ்பாரைப் போடுங்கள். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் சீக்கிரமே படியும், அது மின்சாரத்தைக் கடத்தாது. நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, செல்லின் டேட்டாஷீட் சொல்லும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று கை ஆசைப்பட்டால் திருகு மரை கழன்று வந்துவிடும். அப்புறம் அந்தச் செல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

டாப் பேலன்ஸ், அதாவது எல்லாச் செல்லையும் முழு சார்ஜில் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது, செய்ய வேண்டுமா? பதினாறையும் பேரலலாகக் கட்டி 3.65 வோல்ட்டில் பவர் சப்ளையை வைத்து விட்டுவிடு என்று பலரும் சொல்வார்கள். முறை சரிதான், ஆனால் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். பேரலலில் அது 4480 ஆம்பியர்-அவர் கொண்ட ஒரே செல். பாதி நிரம்பி வந்திருந்தாலும் மீதி 2240. பத்து ஆம்பியர் சப்ளையில் ஒன்பது நாளுக்கு மேல் இழுக்கும். அதற்குள் பொறுமை இழந்து, வேகம் கூடட்டும் என்று சப்ளையை 4 வோல்ட்டுக்கு ஏற்றிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள்தான் செல்லை உப்ப வைக்கிறார்கள். உங்களிடம் இரண்டு ஆம்பியர் ஆக்டிவ் பேலன்ஸர் இருக்கிறது. செல்கள் ஒரே தொகுதியில் வந்தவை என்றால் நேராக சீரிஸில் கட்டி, பிஎம்எஸ்ஸோடு மெதுவாக சார்ஜ் செய்து, மேல் பகுதியில் (3.4 வோல்ட்டுக்கு மேலே) பேலன்ஸரையே வேலை செய்யவிடலாம். ஒரு செல் 5 சதவீதம் பின்தங்கியிருந்தால் அது 14 ஆம்பியர்-அவர். இரண்டு ஆம்பியரில் ஏட்டுக் கணக்கு ஏழு மணி நேரம். மேல் பகுதியில் தினமும் இரண்டு மூன்று மணி நேரம்தான் கிடைக்கும், பேலன்ஸரும் எடுப்பதும் கொடுப்பதுமாக மாறி மாறிச் செய்வதால் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகும். இதுவே 100 மில்லிஆம்பியர் பேசிவ் பேலன்ஸராக (கூடுதல் சார்ஜைச் சூடாக எரித்துவிடுவது) இருந்தால் 140 மணி நேரம், அதே கணக்கில் சுமார் இரண்டு மாதம். பேசிவ் வைத்திருப்பவர்கள் முதலில் சீரிஸில் நிரப்பி, ஒரு செல் உச்சத்தைத் தொட்டதும் நிறுத்தி, அதன் பிறகு பேரலலில் கட்டி மீதியைத் தேற்றுவதே நடைமுறை.

அடுத்து வயரிங். பெரும்பாலான பிஎம்எஸ் மைனஸ் பக்கத்தில் உட்காரும். பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து ஒரு தடித்த இணைப்பு பிஎம்எஸ்ஸின் பேட்டரி பக்கத்துக்கு; அதன் அவுட்புட் பக்கத்திலிருந்து இன்வெர்ட்டரின் மைனஸுக்கு. பாசிட்டிவ் கேபிள் பிஎம்எஸ்ஸைத் தொடாமல் ஃபியூஸ் வழியாக நேராக இன்வெர்ட்டருக்குப் போகும். சில பிஎம்எஸ்ஸில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு மூன்று வயர்கள் சேர்ந்து வரும். எல்லாவற்றையும் இணையுங்கள், ஒரே நீளமாக விடுங்கள். ஒன்றை மடக்கி டேப் சுற்றி வைத்துவிட்டால் மீதி வயர் சூடாகும்.

ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பிஎம்எஸ்ஸுக்குக் காட்டும் சென்ஸ் வயர்கள் 17. முதல் வயர் பேட்டரியின் மைனஸுக்கு. இரண்டாவது முதல் செல்லின் பாசிட்டிவ். கடைசி வயர் பதினாறாவது செல்லின் பாசிட்டிவ். பிளக்கை பிஎம்எஸ்ஸில் செருகுவதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பிளக்கின் முதல் துளையில் வைத்து, சிவப்பு முனையை ஒவ்வொரு துளையாக நகர்த்துங்கள். 3.3, 6.6, 9.9, 13.2 என்று படிப்படியாக ஏறிக் கடைசியில் 52-க்குப் பக்கத்தில் முடிய வேண்டும். நடுவில் 9.9-க்கு அப்புறம் 16.5 வந்து, அடுத்தது 13.2 என்றால் இரண்டு வயர் இடம் மாறியிருக்கிறது. அப்படியே செருகினால் பிஎம்எஸ் போய்விடும், வாரண்டியும் கிடைக்காது. ஒரு துளை 0 காட்டினால் அந்த வயர் முனை வளையத்தின் (லக்) கிரிம்ப், அதாவது நசுக்கிப் பிடித்த இடம், பிடிக்கவில்லை. பத்து நிமிட வேலைதான், சோம்பல் பட வேண்டாம்.

செருகும் வரிசையும் முக்கியம். இன்வெர்ட்டர் பக்கம் எதுவும் இணையாத நிலையில், முதலில் பேட்டரி மைனஸின் தடித்த வயர், அதன் பிறகு சென்ஸ் பிளக். கழற்றும்போது தலைகீழாக, பிளக் முதலில். தடித்த வயர் இல்லாமல் பிளக் மட்டும் இருந்தால், ஏதாவது கரண்ட் அந்த மெல்லிய சென்ஸ் வயர் வழியாகத் திரும்பப் பார்க்கும். போர்டில் உள்ள தடம் எரியும். சென்ஸ் வயர் பஸ்பார் விளிம்பில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது தலைமுடி மாதிரி வயர், பின்னால் இருப்பது 280 ஆம்பியர்-அவர்.

இன்வெர்ட்டரை முதல் தடவை இணைக்கும்போது பெரிய பொறி அடிக்கும், அல்லது பிஎம்எஸ் ஷார்ட் சர்க்யூட் என்று சொல்லி வெட்டிவிடும். இன்வெர்ட்டருக்குள் காலியாக இருக்கும் கப்பாசிட்டர்கள் கண நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரை விழுங்குவதுதான் காரணம், பழுது எதுவும் இல்லை. பிஎம்எஸ்ஸில் ப்ரீசார்ஜ் வசதி (கப்பாசிட்டரை முன்கூட்டியே மெதுவாக நிரப்புவது) இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் 25 முதல் 50 ஓம் வரையுள்ள, 10 வாட்டுக்குக் குறையாத வயர்வூண்ட் ரெசிஸ்டர் ஒன்றை பிரேக்கரின் இரண்டு முனைக்கும் குறுக்கே சில நொடி பிடித்துவிட்டு, உடனே பிரேக்கரைப் போடுங்கள்.

இனி எண்கள். முதலில் ஆப்பில் செல் வகை சரியாக இருக்கிறதா பாருங்கள். பலர் கவனிக்காத ஒரு குழி இங்கே இருக்கிறது: மற்றொரு லித்தியம் வகையான என்எம்சியில் 14 செல் போட்டால் முழு வோல்டேஜ் 58.8, உங்களுடைய 16 செல்லுக்கு 58.4. மொத்தத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் அங்கே ஒரு செல்லின் எல்லை 4.2 வோல்ட், இங்கே 3.65. வகை மாறியிருந்தால் பிஎம்எஸ் உங்கள் செல்லை 4.2 வரை போக விட்டுவிடும்.

நான் வைக்கும் எண்கள் இவை. செல் ஓவர் வோல்டேஜ் 3.60, திரும்ப அனுமதிப்பது 3.45. செல் அண்டர் வோல்டேஜ் 2.70, திரும்ப அனுமதிப்பது 3.10. இந்தத் திரும்ப அனுமதிக்கும் எண்ணை 2.9 என்று வைத்தால், வெட்டியவுடன் லோடு விலகியதால் செல் வோல்டேஜ் தானாக எகிறும், பிஎம்எஸ் திறக்கும், லோடு வரும், மறுபடி வெட்டும்; விடிய விடிய இதே கூத்து. பேலன்ஸ் தொடங்கும் வோல்டேஜ் 3.42, செல்களுக்கிடையே வித்தியாசம் 10 மில்லிவோல்ட். தொடங்கும் வோல்டேஜை 3.0 என்று தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு, அதை அவசியம் மாற்றுங்கள். நடுப் பகுதியில் வோல்டேஜ் வித்தியாசம் சார்ஜ் அளவைச் சொல்லாது என்று பார்த்தோமே, அங்கே பேலன்ஸர் ஓடினால் சரியாக இருக்கும் செல்லிலிருந்து எடுத்துத் தவறான செல்லுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். சார்ஜ் கரண்ட் எல்லை 120, டிஸ்சார்ஜ் 160, மோட்டார் தொடங்கும் நேரத்துக்காக அதற்குச் சில நொடி தாமதம். ஷார்ட் சர்க்யூட் செட்டிங்கைத் தொட வேண்டாம்.

வெப்பநிலையில் கீழ் எல்லை மிக முக்கியம். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உள்ளே போகாமல் நெகட்டிவ் முனையின் மேல் உலோகமாகப் படியும். அது திரும்பி வராத சேதம். 5 டிகிரியில் சார்ஜை நிறுத்தும்படி வையுங்கள். குளிரே தெரியாத ஊரில் இருந்தாலும் அந்த எண் இருந்துவிட்டுப் போகட்டும். மேல் எல்லை 50. சென்சாரைப் பெட்டியின் சுவரில் ஒட்டாமல், நடு வரிசைச் செல்கள் இரண்டின் இடையில் வையுங்கள். வெப்பம் தேங்குவது அங்கேதான்.

இன்வெர்ட்டரில் பல்க் அல்லது அப்சார்ப்ஷன் (சார்ஜ் ஏற்றும் உச்ச வோல்டேஜ்) 55.2, அதாவது செல்லுக்கு 3.45. முதல் சில வாரம் பேலன்ஸ் ஆக வேண்டும் என்றால் 56.0 வைத்துவிட்டுப் பிறகு இறக்கலாம். 55.2-இல் நிறுத்தினால் பேட்டரி நிரம்பாதே என்ற கவலை வேண்டாம். அந்த வோல்டேஜிலேயே கரண்ட் தானாகக் குறைந்து சில ஆம்பியருக்கு வரும் வரை வைத்திருந்தால் கிட்டத்தட்ட முழுதாகவே நிரம்பியிருக்கும். ஃப்ளோட் (நிரம்பிய பிறகு பிடித்து வைக்கும் வோல்டேஜ்) 53.6. லோ கட்-ஆஃப் 48, திரும்ப ஆன் ஆவது 52. சார்ஜ் கரண்ட் 80. அப்புறம் ஈக்வலைசேஷன் (அவ்வப்போது வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜில் ஏற்றுவது) கட்டாயம் ஆஃப், டெம்பரேச்சர் காம்பன்சேஷன் (வெப்பநிலைக்கேற்ப வோல்டேஜை மாற்றுவது) பூஜ்யம். இவை இரண்டும் லெட் ஆசிட் காலத்துச் சொத்து. குளிர் நாளில் காம்பன்சேஷன் சத்தமில்லாமல் வோல்டேஜை ஏற்றிவிடும்; ஏன் பிஎம்எஸ் காலையில் மட்டும் வெட்டுகிறது என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பீர்கள்.

பிஎம்எஸ்ஸும் இன்வெர்ட்டரும் தகவல் பரிமாறிக்கொள்ள, இரண்டுக்கும் நடுவே கேன் கேபிள் போடலாமா? போட்டால் நல்லது. செல் ஒன்று ஏறத் தொடங்கியதும் கரண்டைக் குறை என்று பிஎம்எஸ் முன்கூட்டியே சொல்லும், வெட்ட வேண்டிய நிலையே வராது. பல இன்வெர்ட்டர்கள் பைலான்டெக் என்ற பேட்டரி நிறுவனத்தின் புரோட்டோகாலை 500 கிலோபிட் வேகத்தில் புரிந்துகொள்ளும். சாதாரண லேன் கேபிளைச் செருகி வேலை செய்யவில்லை என்றால் பின் வரிசையைப் பாருங்கள்: ஒருவர் கேன் சிக்னலை 4, 5-ஆம் பின்களில் வைத்திருப்பார், இன்னொருவர் 7, 8-இல். பிளக் ஒன்றாக இருப்பதால் வயரும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. இன்னொன்று: கேன் இணைந்தவுடன் நீங்கள் இன்வெர்ட்டரில் போட்ட 55.2 செல்லாது, பிஎம்எஸ் கேட்கும் வோல்டேஜ்தான் நடக்கும். அது தொழிற்சாலையிலிருந்து 58.4 என்று வந்திருந்தால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். பிஎம்எஸ் ஆப்பில் கோரும் சார்ஜ் வோல்டேஜைச் செல்லுக்கு 3.45 என்று மாற்றுங்கள். கேபிளை ஒருமுறை பிடுங்கியும் பாருங்கள்: இன்வெர்ட்டர் சார்ஜை நிறுத்துகிறதா, பழைய எண்ணில் தொடர்கிறதா, அலாரம் அடிக்கிறதா என்று இன்றே தெரிந்துகொள்வது நல்லது.

பாதுகாப்பு வேலை செய்கிறதா என்பதையும் நம்பிக்கையில் விடாதீர்கள். பேனலை ஆஃப் செய்துவிட்டு, ஏசி சார்ஜரில் 5 அல்லது 10 ஆம்பியர் மட்டும் ஓட்டி, ஓவர் வோல்டேஜ் எல்லையையும் அது திரும்ப அனுமதிக்கும் எண்ணையும் அப்போதைய செல் வோல்டேஜுக்குக் கீழே இறக்குங்கள், வெட்ட வேண்டும். சிறு லோடு போட்டு அண்டர் வோல்டேஜ் எண்களை மேலே ஏற்றுங்கள், வெட்ட வேண்டும். வெப்பநிலை சென்சாரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸ் தண்ணீரில் முக்குங்கள்; ஆப்பில் எண் மெல்ல மெல்ல இறங்கி 5-ஐத் தாண்டியதும் சார்ஜ் மட்டும் நிற்க வேண்டும், டிஸ்சார்ஜ் தொடர வேண்டும். எல்லாம் முடிந்ததும் எண்களைப் பழையபடி மாற்ற மறக்காதீர்கள். கிளாம்ப் மீட்டர் இருந்தால் கரண்டையும், மல்டிமீட்டரால் இரண்டு மூன்று செல்லின் வோல்டேஜையும் ஆப்போடு ஒப்பிடுங்கள்.

பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாதி "ஒரு செல் மட்டும் வித்தியாசமாக இருக்கிறது" என்பதுதான். உடனே செல் மோசம் என்று முடிவுக்கு வராமல், அது எப்போது விலகுகிறது என்று பாருங்கள். 100 ஆம்பியர் இழுக்கும்போது எல்லாம் 3.26, ஏழாவது மட்டும் 3.21. அதே அளவு சார்ஜ் ஆகும்போது ஏழாவது மட்டும் 50 மில்லிவோல்ட் மேலே. லோடை எடுத்ததும் எல்லாம் ஒன்று. இப்படி என்றால் செல் மேல் குற்றமே இல்லை. இணைப்பில் அரை மில்லிஓம் உட்கார்ந்திருக்கிறது. 100 ஆம்பியரில் அரை மில்லிஓம் என்றால் 50 மில்லிவோல்ட் இழப்பும் 5 வாட் சூடும் ஒரே நட்டுக்கடியில். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, லோடு ஓடும்போது ஒரு முனையை செல்லின் டெர்மினலிலும் மறுமுனையைப் பஸ்பாரிலும் தொடுங்கள். பிசகிய இடத்தில் எண் துள்ளும். கழற்றித் தேய்த்து மறுபடி முறுக்கினால் தீர்ந்தது.

எட்டு எட்டாக இரண்டு வரிசை வைத்து நடுவில் கேபிள் போட்டவர்களுக்கு இதே அறிகுறி எட்டாவது அல்லது ஒன்பதாவது செல்லில் தெரியும். அந்தக் கேபிளில் விழும் வோல்டேஜ், சென்ஸ் வயர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப ஒரு செல்லின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வயரை மாற்றி வைத்தால் பழி பக்கத்துச் செல்லுக்குப் போகும், அவ்வளவுதான். குட்டையான, தடித்த கேபிள் போடுவதே வழி.

கரண்டே இல்லாதபோதும் மேல் பகுதியில் ஒரு செல் தாழ்ந்து நின்றால் அதில் சார்ஜ் குறைவு. பேலன்ஸருக்கு நேரம் கொடுங்கள். பேலன்ஸ் ஆன பிறகும் மேலே முதலில் சேர்வதும் அதுவே, கீழே முதலில் விழுவதும் அதுவே என்றால் அந்தச் செல்லின் கொள்ளளவு உண்மையிலேயே குறைவு. பேலன்ஸ் நடக்கும்போது மட்டும் ஒரு செல்லின் எண் குதித்துக்கொண்டே இருந்தால் சென்ஸ் வயரின் லக்கைப் பாருங்கள். இரண்டு ஆம்பியர் அந்த மெல்லிய வயரில் ஓடும்போது மோசமான கிரிம்ப் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

சதவீதக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பிஎம்எஸ் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஆம்பியர் ஆம்பியராகக் கூட்டிக் கழித்துச் சொல்கிறது. மிகச் சிறிய கரண்ட் அதன் கண்ணில் படாது. இன்வெர்ட்டர் இரவெல்லாம் சும்மா இருக்கும்போது இழுப்பதில் ஒரு பகுதி கணக்கில் வராமலே போகலாம். மழைக்காலத்தில் பத்து நாள் முழுதாக நிரம்பவில்லை என்றால் 35 என்று காட்டிக்கொண்டே பேட்டரி படுத்துவிடும். வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை முழுதாக நிரம்ப விடுங்கள், அப்போதுதான் 100-க்குத் திரும்பிச் சீராகும். இரவு கட்-ஆஃபைச் சதவீதத்தை மட்டும் நம்பி வைக்காமல் 48 வோல்ட் என்ற தடுப்பையும் வைத்திருப்பது இதற்காகத்தான்.

பிஎம்எஸ் கீழே வெட்டிய பேட்டரியை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடாதீர்கள். வெட்டிய பிறகும் பிஎம்எஸ் தன் சொந்தப் பிழைப்புக்குச் செல்லிலிருந்து சில பத்து மில்லிஆம்பியர் எடுத்துக்கொண்டுதான் இருக்கும். மிச்சம் 5 ஆம்பியர்-அவர் என்றால், 20 மில்லிஆம்பியரில் பத்து நாளில் காலி. அதற்குள் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஆனால் அவுட்புட்டில் வோல்டேஜே இல்லாததால் சில இன்வெர்ட்டர்கள் "பேட்டரி இல்லை" என்று சொல்லி சார்ஜே செய்யாது. பிஎம்எஸ் ஆப்பில் டிஸ்சார்ஜை அவசரத்துக்குத் திறக்கும் பட்டன் இருந்தால் அதை அழுத்தி, உடனே ஏசி சார்ஜரை ஓட்டுங்கள்.

பின்னால் இன்னொரு 16 செல் சேர்க்க நினைத்தால், அதற்குத் தனி பிஎம்எஸ், தனி ஃபியூஸ். ஒரே பிஎம்எஸ்ஸில் இரண்டு தொகுதியைத் தொங்கவிட வேண்டாம். இணைக்கும் முன் இரண்டின் வோல்டேஜும் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பார்கள். நடுப் பகுதியில் வோல்டேஜ் ஒன்றாக இருந்தும் சார்ஜ் வேறாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாக 55.2 வரை நிரப்பி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, வித்தியாசம் கால் வோல்ட்டுக்குள் வந்ததும் இணையுங்கள். பஸ்பாரிலிருந்து இரண்டு பேக்குக்கும் போகும் கேபிள் ஒரே நீளமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதே எப்போதும் அதிகம் உழைக்கும்.